ஆ-ஷெங்கின் மஞ்சள் பாதங்கள்

சீனாவில் ச்சுவான்ஜோ நகரத்தின் பழைய பேட்டையில் உப்புக்கிணற்றுச் சந்து என்று ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தின் கல்தரையில் வரைந்திருந்த மஞ்சள் பாதங்கள், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சந்து முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருந்த நேரத்தில், வரைந்த இடத்தை விட்டுக் கிளம்பி, ஒன்பது கடைகளில் ஏழு கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதல் கடை வாசலிலிருந்து நேராக மெய்ச்சின் என்கிறவளுடைய கடல்பாசிக் கடைக்குப் போய் நின்றன. நடந்தது இவ்வளவுதான். பாதம் என்று இருந்தால் நடக்கத்தான் செய்யும், அதில் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அது யாருடைய பாதம், யார் கடையில் போய் நின்றது, அதைப் பார்த்து யாருக்கு வயிறு எரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் அறுத்துக் கப்பலேற்றுகிறவன். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தக் கடலோரத்துக்குக் கல் விற்கப் போய் வந்ததில், அவர்கள் பாஷை எனக்குப் பேரம் பேசுகிற அளவுக்கும் ஊர்வம்பு கேட்கிற அளவுக்கும் வந்துவிட்டது. அந்தச் சந்துக்கு முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக் கமிட்டி அச்சடித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் அவரவரே நடந்து அவரவரே தின்று பார்க்கிற சாப்பாட்டு நடைக்கு. ஒன்பது கடை, ஒன்பது பண்டம், ஒன்றரை மணி நேரம் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. எனக்கு ஐந்து நாள் பிடித்தது, ஏனென்றால் முதல் கடையிலேயே இந்தக் கதை மாட்டிக்கொண்டது.

நடையை ஏற்பாடு செய்தவர் கமிட்டிச் செயலாளர் சென். எந்நேரமும் புகார்க் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிற மனிதர். வெளியூர்க்காரர்கள் சந்துக்குள் நுழைந்து, எங்கே திரும்புவது என்று தெரியாமல், யார் வீட்டுச் சமையலறையிலோ போய் நின்று மெனு கேட்கிறார்கள் என்று புகார் வந்ததால், அவர் ஒன்பது கடைகளைத் தேர்ந்தெடுத்து எண் போட்டார். அங்கேதான் சண்டை தொடங்கியது. முதல் கடைக்கு வருகிறவனுக்கு வயிறு காலி; ஒன்பதாம் கடைக்கு வருகிறவன் ஏப்பம் விட்டுக்கொண்டு படம் மட்டும் எடுத்துக்கொண்டு போவான். ஆகவே சிப்பியையும் கிழங்கு மாவையும் முட்டையில் புரட்டிப் பொரிக்கிறவர், மூங்கில் இலையில் பன்றிக்கறிச் சோற்றைக் கட்டி அவிக்கிறவர், இஞ்சியும் எள்ளெண்ணெயும் விட்டு வாத்தை மண்சட்டியில் வாட்டுகிறவர், வேர்க்கடலையை வெண்ணெயாகக் குழையும்வரை வேகவைத்து இனிப்புக் கஞ்சி ஊற்றுகிறவர் என்று எல்லோருக்கும் ஒன்றாம் எண்தான் வேண்டியிருந்தது. எந்த எண் கொடுத்தாலும் சரி என்று சொன்னவள் மெய்ச்சின் ஒருத்திதான். சொன்னவளுக்குக் கடைசி எண்ணைக் கொடுத்தார்கள்.

ஒன்றாம் எண்ணைப் பிடித்தவள் சியூலியான். அவளும் அவள் கணவன் ஆ-ஷெங்கும் காலைக் கஞ்சிக் கடை வைத்திருந்தார்கள். மயிரிழை போன்ற சேமியாவைக் கரையக் கரையக் கொதிக்கவிட்ட கஞ்சி, அதன்மேல் போட்டுக்கொள்ள இருபத்திரண்டு தட்டுகளில் சிப்பி, ஈரல், கணவாய், குடல், பொரித்த மாவுத்துண்டு என்று வரிசையாக இருக்கும். ஆ-ஷெங் பின்னால் அடுப்படியில் நின்று கிண்டுவான். சியூலியான் முன்னால் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து "என்ன போடட்டும்?" என்று கேட்பாள். அந்தக் கடைக்கே அந்தக் கேள்விதான் பெயர்ப்பலகை. இருபத்திரண்டு வருஷத்தில் சந்தில் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும், எது ஆகாது என்று அவளுக்கு மனப்பாடம். செத்துப்போனவர்களுக்கு என்ன போடுவாள் என்றுகூடச் சொல்லுவாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மட்டும் நின்றபடியே, ஒருவர் மாற்றி ஒருவர், தட்டில் மீந்ததைப் போட்டுக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

வரைபடம் மட்டும் போதாது, தரையில் பாதம் வரைந்துவிடலாம் என்று செயலாளருக்கு யோசனை வந்தபோது, பெயிண்டர் பூட்ஸ் அச்சு ஒன்றைக் கொண்டுவந்தான். அதைப் பார்த்தால் திருடன் ஓடின தடம் மாதிரி இருக்கிறது, வெறுங்கால்தான் வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். வெறுங்காலுக்கு ஆள் தேடினார்கள். காலை வியாபாரத்தில் யாரும் கடையை விட்டு இறங்கவில்லை. கஞ்சி மட்டும் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். சியூலியான் ஒரு கணக்குப் போட்டாள்: எங்கள் வீட்டுக் காலைத் தருகிறோம், எங்களுக்கு ஒன்றாம் எண்ணைத் தாருங்கள். செயலாளர் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டார். சும்மாதானே நிற்கிறாய், போய்க் காலைக் காட்டு என்று அவளேதான் ஆ-ஷெங்கின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். சோயாக் குழம்புப் பெட்டியைப் பிரித்துப்போட்ட அட்டைமேல் அவன் தன் நீளமான தட்டைப் பாதங்களோடு ஏறி நிற்க, பெயிண்டர் பென்சிலால் சுற்றி வரைந்தபோது கூச்சத்தில் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்தப் பாதங்கள்தான் வரைந்த பதினேழாம் நாள் மத்தியானம் நடந்துபோய் மெய்ச்சின் கடையில் நின்றன. சும்மா நிற்கவில்லை. குதிகால் இரண்டும் ஒட்டி, விரல்கள் அங்கே போட்டிருந்த மூங்கில் முக்காலியைப் பார்த்தபடி, உட்காரப்போகிறவன் மாதிரி நின்றன.

முதலில் எல்லோரும் பெயிண்டரைத் திட்டினார்கள். அவன் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். தின்னர் ஊற்றித் தேய்த்து அழித்துவிட்டு, பழைய வழியில் மறுபடி வரைந்தார்கள். மறுநாள் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்து பார்த்தால் மறுபடி மெய்ச்சின் கடை. மழை பெய்த நாளில் பாதங்கள் தாழ்வாரத்து ஓரமாகவே ஒட்டிப் போயிருந்தன, குட்டைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓரடி இடைவெளி விட்டுத் தாண்டியிருந்தன, இரும்புக்கடைக்காரரின் நாய் படுக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. ஆ-ஷெங்குக்கு நாய் என்றால் பயம் என்று சந்துக்கே தெரியும். ஜில்லா கலாசார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து அளந்து பார்த்தார்கள். அவர்கள் கொண்டுவந்த படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால், வெயிலில் பெயிண்ட் விரிவடைந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகிற வழியில் தடத்தைப் பின்பற்றிப் போய்க் கடல்பாசி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சந்து பழகிக்கொண்டது. ஒரு மாதத்தில் வரைபடத்தை மூன்று தடவை மாற்றி அச்சடித்த செயலாளர், நாலாவது தடவை எண்களையே எடுத்துவிட்டு, கடைகளின் பெயரை மட்டும் போட்டு, வழியைப் பாதங்களிடம் கேட்டுக்கொள்ளவும் என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். நடைக்கு வருகிறவர்கள் இரட்டிப்பானார்கள். மற்றக் கடைக்காரர்கள் பாதங்களைத் தங்கள் பக்கம் திருப்ப ஆசைப்பட்டு, வாசலை வெந்நீரில் கழுவினார்கள், தாங்களும் மூங்கில் முக்காலி வாங்கிப் போட்டார்கள், வாத்துக்கடைக்காரர் ஒரு தொடைத்துண்டைத் தட்டில் வைத்துத் தரையிலேயே விட்டுப்பார்த்தார். அதை இரும்புக்கடை நாய் சாப்பிட்டது. சந்துப் பெண்கள் தத்தம் புருஷன்மாரிடம் நீயும் காலை வரையக் கொடேன், பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள், அத்தனை புருஷன்மாருக்கும் அந்த நேரம் பார்த்து எங்கேயோ அவசர வேலை இருந்தது. வரைபடத்தோடு வந்த இளம் தம்பதிகள் பாதங்களின் கதையைக் கேட்டுவிட்டு, பாதி வழியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மீதி வழியை நடந்தார்கள். பிற்பாடு நான் போனபோது எனக்கும் காலை வரைந்துகொள்ள ஒரு அழைப்பு வந்தது. ஓசூரிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்த என் மனைவி வரைஞ்சுக்கோங்க, நல்லாயிருக்கும் என்றாள். இங்கே நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இத்தனை பேருக்கும் வேடிக்கையாக இருந்தது ஒருத்திக்கு மட்டும் நெருப்பாக இருந்தது. தடம் தொடங்குவது சியூலியானின் வாசற்படியிலிருந்து. வரைபடம் பிடித்த கூட்டம் வந்து அவள் படியோரம் நிற்கும், முதல் பாதம் எங்கே என்று குனிந்து தேடும், கண்டுபிடித்ததும் ஒரு கிண்ணம் கஞ்சி கிடைக்குமா என்றுகூடக் கேட்காமல் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெய்ச்சின் கடையைப் பார்த்து நடக்கும். தன் புருஷன் தன் வாசலிலிருந்து இறங்கி இன்னொருத்தி வாசலுக்குப் போகிறதை, ஒரு நாளைக்கு இருநூறு பேர், படமெடுத்துக்கொண்டே, அடிமேல் அடி வைத்து நடந்து காட்டினார்கள்.

மெய்ச்சின் பெரிய அழகி இல்லை. அழகியாக இருந்திருந்தால் சியூலியானுக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் முறிந்து ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கடைக்கே திரும்பி வந்தவள், சத்தமில்லாமல் பேசுகிறவள். கடல்பாசியை மணிக்கணக்கில் காய்ச்சி உறையவிட்டு, பித்தளைச் சுரண்டியால் இழை இழையாகச் சுரண்டி, தேன் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொடுப்பாள். ஐஸ் உருகிய ஈரம் அவள் கடைத் தரையில் எப்போதும் இருக்கும், அந்த ஈரத்தில் அவள் செருப்பில்லாமல்தான் நடமாடுவாள். சூடும் உப்புமாக இருந்த தன் கடையை விட்டு, குளிர்ச்சியும் தித்திப்புமாக ஒரு இடத்துக்கு அவன் பாதம் போயிருக்கிறதே என்று நினைக்க நினைக்க சியூலியானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் அவள் மெய்ச்சினின் சுரண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், அப்புறம் முக்காலியைப் பார்த்து, அப்புறம் அந்த ஈரத் தரையைப் பார்த்து.

ஆ-ஷெங்கைக் கேட்டாள். அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவாள். இவள் அன்றைக்கு அந்தப் பேரை எச்சில் துப்புகிற மாதிரிச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னான். சித்திரை வெயிலில் ஒரு நாள், நம் கடை ஐஸ்பெட்டியைத் தவறி அங்கே இறக்கிவிட்டார்கள் என்று எடுத்துவரப் போனேன். உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். தேன் கூடவா, குறைச்சலா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் இரண்டு விதமாகவும் கொடுத்தாள். பத்து நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

"நீ காலோட போயிருந்தா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன், ஆ-ஷெங்," என்றாள். "கால் இங்கே அடுப்படியிலே நிக்குது, தடம் அங்கே போகுது. நான் எதைப் பிடிச்சு இழுக்கட்டும்?"

அவன் கஞ்சியைக் கிண்டினான்.

அதிலிருந்து பத்து மணிக்குக் கஞ்சி தீர்ந்ததும் சியூலியான் வெளியே கிளம்பிவிடுவாள். மீன் வாங்கப் போகிறேன், வெங்காயத்தாள் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், மெய்ச்சின் கடைக்கு எதிர்வரிசையில் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். நின்று என்ன பார்த்தாள் என்றால், ஒன்றுமில்லை; மெய்ச்சின் சுரண்டினாள், ஊற்றினாள், கிண்ணம் கழுவினாள். ஒரு நாள் மட்டும் ஒன்று பார்த்தாள். கடையைப் பெருக்கும்போது மெய்ச்சின் முக்காலிக்கு முன்னால் இருந்த மஞ்சள் பாதங்களை மிதிக்காமல், துடைப்பத்தை அதைச் சுற்றி வளைத்து, ஒரு தூசி அதன்மேல் போகாமல் பெருக்கினாள். அவள் ஆ-ஷெங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூட சியூலியானுக்கு அத்தனை வலித்திருக்காது.

அன்றைக்குத்தான் அவள் ஒரு வரைபடத்தை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியூர்க்காரி மாதிரி, தன் வாசலிலிருந்தே தொடங்கி, மஞ்சள் பாதங்கள்மேல் தன் பாதத்தை வைத்து வைத்து நடந்து, அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள். சந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. மெய்ச்சின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தேன் கூடவா குறைச்சலா அக்கா என்று கேட்டாள். சியூலியான் வாய் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. பத்தாயிரம் தடவை அடுத்தவரைக் கேட்டவளுக்கு, தன்னை ஒருவர் கேட்டதும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மெய்ச்சின் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். சியூலியான் இரண்டையும் குடித்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அவரை நான் கூப்பிடலே அக்கா," என்றாள் மெய்ச்சின். "வந்த தடத்தைத் தள்ளிவிட எனக்கு மனசு வரலே, அவ்வளவுதான்."

"தள்ளிவிடு," என்றாள் சியூலியான்.

"அஞ்சு வருஷமா இந்த முக்காலிக்கு முன்னாலே எனக்குன்னு யாருமே வந்து நிக்கலே," என்றாள் மெய்ச்சின், சத்தமில்லாமல், கிண்ணங்களை எடுத்துக்கொண்டு.

சியூலியான் நேராகச் செயலாளர் சென்னிடம் போனாள். நடைக்கு வருகிறவர்கள் கடைசிக் கடையில் போய்ச் சேர்ந்துவிட்டு, திரும்பி வர வழி தெரியாமல் முழிக்கிறார்கள், அவர்களுக்குத் திரும்பு வழியும் வரைய வேண்டாமா என்று கேட்டாள். செயலாளர் கோப்பைத் திறந்து பார்த்தார். நிஜமாகவே பதினாலு புகார் இருந்தது. போவதற்கு மஞ்சள், வருவதற்கு நீலம், நீலத்துக்கு என் பாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் மனதில் இருந்த திட்டம் இதுதான்: மெய்ச்சின் கடையிலிருந்து தன் வாசல்வரை தன் பாதங்கள் வழி காட்டும், அந்த நீலத்தைப் பார்த்து மஞ்சளும் வீடு திரும்பும். பெயிண்டர் அவளையும் அட்டைமேல் நிற்கவைத்து வரைந்தான். அவளுக்குக் கூச்சம் வரவில்லை. ஒரு காலைப் பொழுதுக்குள் முந்நூறு நீலப் பாதங்கள், ஒழுங்காக, வீட்டைப் பார்த்தபடி, வரிசையில் உலர்ந்தன. அவள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தூங்கினாள்.

மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்த சந்து, நீலப் பாதங்களைக் காணாமல் தேடியது. தேடிப் போனவர்கள் மெய்ச்சின் கடைக்கு எதிர்வரிசையில் கண்டுபிடித்தார்கள். முந்நூறும் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று நெருக்கி, தரையே தெரியாமல் ஒரு நீலக் குட்டையாகக் கிடந்தன. எல்லாப் பாதங்களின் விரலும் மெய்ச்சினின் முக்காலியைப் பார்த்தபடி இருந்தது. இடம் போதாமல் நாலைந்து தூணிலேயே ஏறி, எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டைப் பார்த்து ஒரு பாதம்கூட இல்லை.

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாத்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மீன், வெங்காயத்தாள் என்று அவள் சொல்லிவிட்டுப் போன நாளெல்லாம் எங்கே நின்றாள் என்று தரையிலேயே எழுதியிருந்தது. சியூலியான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள், மஞ்சளாவது ஆசைப்பட்டுப் போனது, நீலம் பொறாமைப்பட்டுப் போயிருக்கிறதே, தனக்கென்று ஒரு ஆசைகூட இல்லாமல் போய்விட்டதே என்று அழுதாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆ-ஷெங் வந்தான். பெயிண்ட் இல்லாமல், சொந்தக் காலோடு, பல மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தான். நாய் படுத்திருந்த இடத்தைக்கூடச் சுற்றாமல் நேராக வந்தான். தூணுக்குப் பின்னால் இருந்த நீலக் குட்டையைக் குனிந்து, ஒவ்வொரு பாதமாகப் படிக்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தான்.

"இத்தனை நாளா இங்கேயா நின்னே?" என்று கேட்டான்.

"வேறெங்கே நிப்பேன்?"

"என்னை நீ இவ்வளவு பாக்குறேன்னு எனக்குத் தெரியாது, சியூலியான்," என்றான். அவன் குரலில் குற்றம் இல்லை, ஒருவிதமான வெட்கம்தான் இருந்தது. "அடுப்படிப் பக்கம் நீ திரும்பினதே இல்லே."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் முதல்முறையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மத்தியானம் மஞ்சள் பாதங்கள் மூங்கில் முக்காலியை விட்டு எழுந்து, தெருவைக் குறுக்கே கடந்து, தூணுக்குப் பின்னால் போய், நீலத்துக்கு எதிரே, விரலோடு விரல் முட்டுகிற மாதிரி நின்றன. அதற்கு மறுநாள் இரண்டும் சேர்ந்து சந்து சுற்றக் கிளம்பின. ஒருநாள் வாத்துக்கடை, ஒருநாள் வேர்க்கடலைக் கஞ்சி, ஒருநாள் இரண்டும். சில இடத்தில் நீலம் முன்னால் போய்விட்டு மஞ்சளுக்காகக் காத்திருந்திருக்கிறது என்பது குதிகால் பதிந்த அழுத்தத்தில் தெரிந்தது. நான் வரைபடத்தோடு போனது அந்தச் சமயத்தில்தான். சாயங்காலம் போல வேலையெல்லாம் முடித்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தடத்தின்மேலேயே மெதுவாக நடந்து போய், பக்கத்துக் கடைகளில் இருபத்திரண்டு வருஷமாகத் தின்னாததையெல்லாம் தின்று பார்ப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கஞ்சிக் கடையில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. காலைக் கூட்டம் ஓய்ந்து, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி இரண்டு கிண்ணத்தை விற்காமல் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாள் சியூலியான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்து, "என்ன போடட்டும்?" என்று கேட்டாள். அவன் இருபத்திரண்டு தட்டையும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை பார்த்தான்.

"சிப்பி," என்றான். "ஈரல் வேண்டாம். எப்பவுமே எனக்கு ஈரல் பிடிக்காது."

இருபத்திரண்டு வருஷமாக மீந்த ஈரலைத்தான் அவள் அவனுக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவனும் குடித்துக்கொண்டு வந்திருந்தான். அவள் சிப்பியை அள்ளி அவன் கிண்ணம் நிறையப் போட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையை மெனக்கெட்டு எழுதியிருக்க மாட்டேன். நான் அங்கே இருந்த நாலாம் நாள் மத்தியானம், தூங்கி எழுந்த சந்து இன்னொரு தடத்தைப் பார்த்தது. இது பெயிண்ட் இல்லை, யாரும் வரைந்ததும் இல்லை. சின்னப் பாதங்கள், வெறும் ஈரம். மெய்ச்சின் கடை ஐஸ் தண்ணீரிலிருந்து கிளம்பி, சந்தின் நீளத்துக்கும் வந்து, கஞ்சிக் கடைக்கு எதிரே, தபால்பெட்டி மறைவில் நின்றுகொண்டிருந்தன. விரல்கள் கடைக்குள் இருந்த மேசையைப் பார்த்தபடி இருந்தன. நல்ல வெயில், கல் சுட்டது, ஆனாலும் அந்த ஈரம் காயவில்லை. சந்துக்கு அதற்குள் மரியாதை வந்துவிட்டிருந்தது. ஒவ்வொருவராக அதைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரித் தாண்டிப் போனார்கள், துடைப்பம் வைத்திருந்தவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள்.

சியூலியான் கடைசியாகப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்லா வேண்டும் என்கிற சின்னத்தனமான, தித்திப்பான சந்தோஷம். அது தீருவதற்குள் அவள் கண் அந்தக் குதிகால்களைப் பார்த்துவிட்டது. ஒரு கால் கொஞ்சம் தூக்கி, எடை முழுக்க இன்னொரு காலில், யாராவது பார்த்தால் உடனே நகர்ந்துவிடத் தோதாக நிற்கிற நிலை. அந்த நிலை அவளுக்குத் தெரியும். அப்படி நின்றால் சாயங்காலம் முழங்காலில் எங்கே வலிக்கும் என்றுகூடத் தெரியும். வெயில் தாழ்கிறவரை அவள் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து, மேசையின் மூன்றாவது பக்கத்தில் போட்டாள். எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி கொண்டுவந்து போட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மெய்ச்சின் சொந்தக் காலோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல். ஆ-ஷெங் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டான். நான் ஓரத்து மேசையில், கஞ்சி தீர்ந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் குடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"உட்காரு," என்றாள் சியூலியான். "என்ன போடட்டும்?"

மெய்ச்சின் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு தட்டையும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை பார்த்தாள்.

"சிப்பி," என்றாள். "ஈரல் வேண்டாம் அக்கா."

சியூலியானின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கரண்டியைச் சிப்பித் தட்டில் விட்டு அள்ளினாள். ஆறு சிப்பி வந்தது. ஆறையும் பார்த்தாள், ஒன்றைத் திரும்பத் தட்டிலேயே தள்ளிவிட்டு, மீதி ஐந்தைக் கஞ்சியில் போட்டு, சூடாக அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.